புதுப்பிப்பு: ராக் நிகழ்ச்சிகளுக்குச் செல்லும் என் மகள்

வீட்டையும் பள்ளியையும் தவிர வேறெதையும் அறியாமல் வளர்ந்த என் 16 வயது மகளை உள்ளூர் ராக் குழுக்களின் நிகழ்ச்சிகளுக்கு அனுப்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அனுப்பினோம்; இப்போது அவளே ஒரு குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள்.

மது குறித்த அச்சத்தைப் பலர் எழுப்பியிருந்தீர்கள். அவள் செல்லும் அரங்கில் வயது குறைந்தவர்களின் கையில் பெருக்கல் குறி இடுகிறார்கள். 1980களின் தொடக்கத்தில் வாஷிங்டன் நகரத்தில் பங்க் என்னும் ராக் இசை வகையைச் சேர்ந்த இளைஞர்கள், மது தரக்கூடாது என்பதற்கான இதே குறியை, மதுவே வேண்டாம் என்னும் தங்கள் முடிவின் பெருமித அடையாளமாக மாற்றிக்கொண்டார்கள் என்ற வரலாற்றை எனக்குச் சொன்னவளும் அவள்தான்.

காதுகள் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் என்று வரம்பிடும் அதே கணக்கு, 100 டெசிபலுக்கு 15 நிமிடமே தருகிறது; ஆகவே செவியடைப்பான் கட்டாயம்.

புதியவர்களின் முகம் பார்த்துப் பேசவே தயங்கியவள், ஒலிச்சோதனையின்போது தன்னைவிட மூத்த டிரம்மரிடம், பல்லவிக்குள் நுழையும்போது வேகம் கூடிவிடுகிறது என்று நிதானமாகச் சொன்னாள்; அவரும் ஏற்றுக்கொண்டு மீண்டும் வாசித்தார். என்னை மிகவும் நெகிழச் செய்தது அதுதான்.

இரவுப் பயணம் பற்றிக் கேட்டவர்களுக்கு: நானோ அவளுடைய அப்பாவோ சென்று அழைத்து வருகிறோம், அந்த ஏற்பாடு தொடரும்.