காட்பாடி பற்றிய அறிமுகக் குறிப்பு: சில திருத்தங்கள்

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊரைப் பற்றிச் சுற்றுக்கு வந்த வரைவைப் படித்தேன். அதில் பாதிக்கு மேல் வேலூர்க் கோட்டையும் 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியுமே இடம்பெற்றிருக்கின்றன. பாலாற்றுக்குத் தென்கரையில் நிகழ்ந்தவற்றை வடகரையின் வரலாறாக எழுதுவது முறையாகாது என்பது என் கருத்து. காட்பாடியின் கதையை இரயிலிலிருந்தே தொடங்க வேண்டும்.

தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அப்பாதை மேற்கே நீண்டு 1862இல் மேற்குக் கடற்கரையை எட்டியபோது, கோட்டையும் கடைவீதியும் பாளையமும் இருந்த வேலூருக்குள் நுழையாமல் எதிர்க்கரை வழியாகவே சென்றது. பிற்காலத்தில் விழுப்புரத்திலிருந்து வேலூர் வழியாக வந்து ஆந்திரத்தின் பாகாலை நோக்கிச் சென்ற மீட்டர் கேஜ் பாதையும் இங்கே குறுக்கிட்டதால் காட்பாடி சந்திப்பாயிற்று. வேலூருக்கென்று கன்டோன்மென்ட் நிலையம் ஒன்று இருந்தபோதிலும், சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவர் ஆற்றைக் கடந்து நம் ஊருக்குத்தான் வர வேண்டியிருந்தது, இன்றும் பெரும்பாலும் அப்படித்தான்.

இந்தச் சந்திப்பின் இன்றைய முகத்தைக் காண விரும்புவோர், கிழக்கிலிருந்து தொலைதூர வண்டி வந்து நிற்கும் நேரத்தில் முதல் நடைமேடைக்குப் போக வேண்டும். பெரிய எக்ஸ்ரே உறையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு ஒருவர் இறங்குவார்; பின்னாலேயே போர்வைச் சுருளும் பாத்திர மூட்டையும் இறங்கும்; வெளியே நிற்கும் ஆட்டோக்காரர் அரைகுறை இந்தியில் "சி.எம்.சி.?" என்று வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக் குறித்துக் கேட்பார். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் முதலில் மிதிப்பது காட்பாடி மண்ணைத்தான் என்றாலும், ஊர் திரும்பியபின் அவர்கள் சொல்வது வேலூர் என்றுதான். இதில் வருந்த ஒன்றுமில்லை, புறநகருக்கு வாய்த்தது அவ்வளவே.

கல்வியைப் பற்றி வரைவில் வி.ஐ.டி. மட்டுமே உள்ளது. 1984இல் 180 மாணவர்களுடன் வேலூர்ப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான அந்த நிறுவனம் நம் ஊரின் வாடகையையும் உணவகங்களையும் நிலத்தின் விலையையும் மாற்றிவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1954இல், காந்தி நகரில் ஆக்சிலியம் பெண்கள் கல்லூரி வந்துவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை அமைந்தது. இவ்விரண்டையும் விட்டுவிட்டு எழுதினால், 1984க்கு முன் இங்கு முட்செடியும் தண்டவாளமுமே இருந்தன என்று இளையோர் நம்பிவிடுவார்கள்.

காங்கேயநல்லூருக்கும் இரண்டு வரியாவது ஒதுக்க வேண்டும். திருமுருக கிருபானந்த வாரியார் 1906இல் அங்கே பிறந்தார்; உலகமெங்கும் சென்று சொற்பொழிவாற்றியபோதும் தம் ஊர் முருகன் கோயிலை அவர் மறந்ததில்லை.

ஆட்சி எல்லைகள் பற்றிய பத்தியில் ஆண்டுகளை வரிசைப்படுத்துவது நல்லது. 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1989இல் வட ஆர்க்காடு மாவட்டம் இரண்டாகவும், 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகவும் பிரிந்தன. இடையில் 2008இல் வேலூர் மாநகராட்சியாகி, 2011இல் தாராபடவேடு நகராட்சியையும் நம்மையும் சேர்த்துக்கொண்டது. நம் பகுதி இப்போது அதன் முதல் மண்டலம்.

சில்க் மில், ஓடைப் பிள்ளையார் கோயில், சித்தூர் பஸ் ஸ்டாண்ட் என்று பேருந்து நிறுத்தங்களில் வழங்கும் பெயர்களின் பின்னணியை அறிந்த மூத்தோர், குறிப்பாகக் காந்தி நகரில் தொடக்கத்திலேயே குடியேறிய குடும்பத்தினர், பழைய ஒளிப்படங்களோ மனைப் பத்திரப் படிகளோ இருந்தால் இம்மடலுக்கு மறுமொழியாக அனுப்பினால், அவற்றையும் சேர்த்து வரைவைத் திருத்தி எழுதித் தருகிறேன்.