பண அளிப்பு உற்பத்தியைப் போல் இரு மடங்கு இருந்தும் விலைவாசி ஏறாதது ஏன்?

மாட்டுங்கா ஆசிரியர்:
வணக்கம். மும்பையில் வங்கித் தேர்வு எழுதும் நம் பிள்ளைகளுக்கு வார இறுதியில் பொருளாதாரம் சொல்லித் தருகிறேன். பண அளிப்பை மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டால் இந்தியாவில் அது ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. சீனாவிலும் ஜப்பானிலும் இரு மடங்குக்கு மேல். பணம் பெருகினால் விலை ஏறும் என்று படித்த மாணவர்கள், ஜப்பானில் 1990களின் இறுதியிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் விலைவாசி பெரிதாக அசையவில்லையே என்று கேட்கிறார்கள். எப்படி விளக்குவது?

செம்பூர் சந்திரா:
ஐயா, பணம் என்பதில் எவையெல்லாம் அடங்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள். ரிசர்வ் வங்கி எம்-3 என்று கணக்கிடுவதில் மக்கள் கையிலுள்ள ரொக்கமும், நடப்பு, சேமிப்புக் கணக்குகளில் உள்ள தொகையும், இவற்றைவிடப் பெரிதாக நிரந்தர வைப்புகளும் சேர்கின்றன. ஆண்டுக்கணக்கில் எடுக்கப்படாத வைப்பு கடைத்தெருவுக்கு வருவதில்லை. ஆகவே விலையை உயர்த்துவதுமில்லை. ஜப்பானியக் குடும்பங்கள் தங்கள் நிதிச் சொத்தில் ஏறத்தாழ பாதியை ரொக்கமாகவும் வைப்பாகவுமே வைத்திருக்கின்றன. அமெரிக்கர்கள் பங்குகளிலும் ஓய்வூதிய நிதிகளிலும் சேமிப்பதால் அந்தத் தொகை பண அளிப்புக் கணக்கிலேயே வராது. சீனாவில் நிறுவனங்கள் பெரும்பாலும் வங்கிக் கடனையே நம்பியிருக்கின்றன. வங்கி தரும் ஒவ்வொரு கடனும் யாரோ ஒருவர் கணக்கில் வைப்பாகப் பதிவாகிறது.

நம் நாட்டு வரலாற்றையே சான்றாகக் காட்டலாம். 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாகிக் கிளைகள் கிராமங்களை எட்டத் தொடங்கின. 1970-71இல் உற்பத்தியில் ஏறத்தாழ கால் பங்காக இருந்த பண அளிப்பின் விகிதம், 1990-91இல் பாதியை நெருங்கியது. என் பார்வையில் இது முதன்மையாக வங்கிப் பழக்கத்தின் அளவுகோல்.

முலுண்ட் வாசகர்:
சந்திரா அம்மா சொல்வது விகிதத்தின் மட்டத்துக்குப் பொருந்தும். அது திடீரென்று தாவும்போது பொருந்தாது. 2020இல் தொடங்கி ஓராண்டுக்குள் அமெரிக்காவின் பண அளிப்பு கால் பங்குக்கு மேல் பெருகியது. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. போர், சரக்குத் தட்டுப்பாடு ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு என்றாலும், பணத்தை ஒதுக்கிவிட்டு அதை விளக்க முடியாது. இன்னொன்றும் உண்டு: 1923இல் ஜெர்மனியில் நடந்ததுபோல் விலை கட்டுக்கடங்காமல் ஏறும்போது, மக்கள் பணத்தைக் கையில் வைத்திருக்க அஞ்சிப் பொருளாக மாற்றிக்கொள்வதால், இந்த விகிதம் சரிந்துவிடுகிறது. மாணவர்கள் இதை அவசியம் அறிய வேண்டும்.

மாட்டுங்கா ஆசிரியர்:
இருவருக்கும் நன்றி. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையானபோது பண அளிப்பும் சுருங்கியதா?

செம்பூர் சந்திரா:
ரொக்கம்தான் சுருங்கியது. உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த அது, 2017 மார்ச்சில் 9 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. திரும்பி வந்த நோட்டுகள் கணக்குகளில் வைப்பாக ஏறிவிட்டதால் எம்-3 பெரிதாகக் குறையவில்லை.