“நடுவர் அவர்களே!” என்று ஆரம்பித்த பையன்

பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நான் எம்.ஏ. படித்த வருடம், நாங்கள் நாலு பேர் சனிக்கிழமைதோறும் ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்குப் போய் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறநெறி விவாதம் பழக்கினோம். ஹெட்மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி, “பட்டிமன்றமா?” இல்லை என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.

அமெரிக்காவில் இதற்கு எதிக்ஸ் பவுல் என்று பெயர். ராபர்ட் லேடன்சன் என்ற தத்துவப் பேராசிரியர் 1993-இல் இலினாய் தொழில்நுட்பக் கழகத்தில் தன் மாணவர்களுக்காகத் தொடங்கினார். பள்ளிகளுக்கு வந்தது பிற்பாடு. சிக்கலான சம்பவங்களை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள், கேள்வி மட்டும் அன்றைக்குத்தான் தெரியும். ‘நீ ஆதரி, நீ எதிர்’ என்று பிரித்துவிடுவது கிடையாது. இரண்டு அணிக்கும் ஒரே முடிவு தோன்றினாலும் தப்பில்லை. ஒரு அணி பேசி முடித்ததும் அதில் விட்டுப்போனதை மற்ற அணி எடுத்துச் சொல்லும், அதுதான் பின்னூட்டம். அதை ஏற்றுத் தன் நிலையைத் திருத்திக்கொண்டால் அது தோல்வி ஆகாது.

முதல் நாள் கொடுத்தது, தோழி பிட் அடிப்பதைப் பார்த்தவள் டீச்சரிடம் சொல்லலாமா என்பது. ஒரு பையன் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, “நடுவர் அவர்களே!” என்று ஆரம்பித்தான் பாருங்கள், ஜன்னலில் இருந்த காக்கா பறந்துவிட்டது. எதிரில் இருந்த பெண் என்னிடம் மெதுவாக, “அக்கா, எனக்கும் அவன் சொல்றதுதான் சரின்னு படுது. அப்ப நான் என்ன பேசறது?” என்றாள். “அதையே சொல்லு” என்றேன். ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் எதை யோசிக்காமல் விட்டான் என்று பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அது வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில்தான் தோன்றியது.

மூன்றாவது வாரம் ஆழியாறு தண்ணீரை எடுத்தோம். தமிழ்நாட்டோடு போட்ட 1970 ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு, அதாவது எங்கள் சித்தூர்ப் பக்கத்துக்கு, வர வேண்டும். மழை பொய்த்த வருடம் இந்தப் பக்கத்து நெல்லுக்கா, அந்தப் பக்கத்துத் தென்னைக்கா? பையன் எழுந்தான். “நடுவர்...” அதோடு நின்றுவிட்டான். “எங்கம்மா ஊரு ஆனைமலைங்க அக்கா. மாமா தோப்பும் காயுமே” என்று உட்கார்ந்து பேப்பர் கேட்டான்.

அவன் அணி கோடு போட்டு எழுதியது. நெல் போனால் ஒரு போகம். தென்னை பட்டுப்போனால் புதுக் கன்று காய்க்கப் பல வருடம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அப்போது பிட் கேஸில் உட்கார்ந்துவிட்ட அதே பெண், “நடவுக்குக் கூலிக்குப் போறவங்க எந்தப் பத்தியில வருவாங்க?” என்று கேட்டாள். அப்படியொரு பத்தியே இல்லை. யாரும் பேசவில்லை. கடைசியில் பையன், “அது எங்களுக்குத் தோணல, சேர்த்துக்கறோம்” என்றான்.

ஆண்டு இறுதியில் நடுவராக வந்த பெரியவர், “யாருமே காரசாரமாப் பேசலையே” என்று வருத்தப்பட்டுப் போனார். அது தனிக் கதை.

*

இதைப் படித்ததும் குமுளியிலிருந்து நானும் ஒன்று சொல்கிறேன். எங்களுடையது மலையாளம், தமிழ் இரண்டு மீடியமும் கலந்த அணி. மலையாளப் பையன் ஒருவன் ஒரு வாதத்தை “முடந்தன் ந்யாயம்” என்றான். நம் ஊர்ப் பையனுக்கு ‘நியாயம்’ மட்டும் காதில் விழ, ஒத்துக்கொண்டான் என்று கை கொடுக்கப் போய்விட்டான். மலையாளத்தில் அது நொண்டிச் சாக்கு! அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் முதல் பத்து நிமிடம் சொற்களுக்கே ஒதுக்கினோம்.

*

அக்கா, அந்தப் பையன் நான்தான். காக்கா பறந்ததெல்லாம் கொஞ்சம் அதிகம். தோப்பும் மாமாவுடையது இல்லை, பெரிய மாமா குத்தகைக்கு எடுத்தது.

அந்தக் கேள்வி கேட்டவளுடைய அம்மா நடவுக்குப் போகிறவர். இதெல்லாம் போட்டியில் சொல்கிற விஷயமா என்று கேஸ் பேப்பர் கையில் வந்த நாளிலிருந்து அதை மனதுக்குள்ளேயே வைத்திருந்தாளாம். பின்னூட்டத்துக்கு அவர்களுக்கு மூன்று நிமிடம் கொடுத்திருந்தீர்கள். அவள் கேட்டு முடிக்க பத்து விநாடிகூட ஆகவில்லை.