ஒரே சாலை, அதுவும் அயல்நாட்டுக்கு: அலாஸ்காவின் ஹைடரில் அமெரிக்கச் சாவடி ஏன் இல்லை?

கேள்வி:
போர்ட்லண்ட் கால்வாய் என்று பெயரே தவிர, அது கால்வாய் அன்று. மலைகளுக்கிடையே நெடுந்தொலைவு நுழைந்த கடற்கழி. அதன் தலைமாட்டில் அலாஸ்காவைச் சேர்ந்த ஹைடர் என்னும் ஊர் உள்ளது. 2010 கணக்கெடுப்பில் 87 பேர் இருந்த அங்கு 2020இல் 48 பேரே எஞ்சினர். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் கனடாவின் ஸ்டூவர்ட் உள்ளது. இவ்வெல்லையில் கனடாவின் சோதனைச் சாவடி மட்டுமே உண்டு, அமெரிக்காவின் சாவடி இல்லை என்று படித்தேன். எல்லைக் காவலில் அத்தனை கண்டிப்பான ஒரு நாடு இவ்வாசலை மட்டும் திறந்து போட்டிருப்பது ஏன்?

பதில் 1:
வாசல் திறந்திருந்தாலும் உள்ளே போய்ச் சேர வேறு இடமில்லை என்பதே காரணம். ஹைடரைத் தாண்டிச் செல்லும் மலைச்சாலை மீண்டும் கனடாவுக்குள்தான் ஏறி, சால்மன் பனியாற்றின் பக்கம் செல்கிறது. கனடாவுக்குள் நுழையாமல் அலாஸ்காவின் பிற ஊர்களுக்குச் செல்லத் தரைவழியே கிடையாது. கெட்சிகன் நகரிலிருந்து தபால் கொண்டுவரும் சிறு விமானம்கூட நீரில்தான் இறங்குகிறது. ஆனால் ஹைடரிலிருந்து திரும்புகிறவர் கனடாவின் சாலைகள் அனைத்தையும் எட்டிவிடலாம் என்பதால், அந்நாடு சோதித்தே தீர வேண்டியுள்ளது. இத்தனைக்கும், எல்லைத் தகராறு 1903இல் நடுவர் மன்றத்தில் தீர்வதற்கு முன்பே, 1896இல், இது எங்கள் நிலம் என்று காட்டுவதற்காக அமெரிக்க இராணுவப் பொறியாளர் டேவிட் கெய்லார்ட் கட்டிய கற்கிடங்கு எல்லையை ஒட்டி இன்றும் நிற்கிறது.

பதில் 2:
ஃபிஷ் ஓடையில் சால்மன் மீன் பிடிக்க வரும் கரடிகளைக் காண ஒரு கோடையில் அங்குச் சென்றேன். கரடிகளைவிட என்னைக் குழப்பியது கடிகாரம். ஊரார் ஸ்டூவர்ட்டின் நேரத்தையே பின்பற்றுகின்றனர்; தொலைபேசி எண்ணும் ஸ்டூவர்ட் அமைந்துள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் 250இல் தொடங்குகிறது; கடையில் கனடா டாலரே புழங்குகிறது. அமெரிக்க அரசின் அஞ்சலகம் மட்டும் அலாஸ்கா நேரத்திலும் அமெரிக்க டாலரிலும் உறுதியாக நிற்கிறது. ஊர்க் கடிகாரத்தில் பத்து மணியானால் அஞ்சலகத்துக்குள் ஒன்பதுதான். ஒரு தபால்தலை வாங்கச் சென்ற நான் கையில் கனடாப் பணத்துடன் வெறுமனே திரும்பினேன்.

கேட்டவர்:
விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் கனடா கதவை மூடிவிட்டால் ஊரின் கதி என்ன?

பதில் 1:
மூடியும் பார்த்தார்கள். 2015 ஏப்ரல் முதல் நள்ளிரவிலிருந்து காலை எட்டு மணி வரை கடவையை அடைப்பதென்று கனடா முடிவு செய்தபோது, இரவில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் எவ்வழி போவது என்று இரண்டு ஊராரும் எதிர்த்தனர். 2020இல் பெருந்தொற்றால் எல்லை முடங்கியது இன்னும் கடுமையானது. மளிகைக்கும் பள்ளிக்கும் ஸ்டூவர்ட்டையே நம்பியிருந்த ஹைடருக்கு, அக்டோபர் இறுதியில்தான் கனடா விலக்கு அறிவித்தது. அதே அறிவிப்பில் இத்தகைய மற்றோர் ஊரான மினசோட்டாவின் நார்த்வெஸ்ட் ஆங்கிளும் இடம்பெற்றது. என் கருத்தில், தன் நாட்டுச் சாவடி இல்லாதது ஹைடருக்கு ஒரு குறையே அன்று. அயல்நாட்டுச் சாவடி எத்தனை மணிக்கு மூடும் என்பதுதான் அங்குள்ளவர்களின் கவலை.