ஜார்ஜியா ஃபாண்ட்ல நம்பர் மட்டும் மேலயும் கீழயும் நிக்குது, கல்யாண கார்டு மாட்டிக்கிச்சு, யாராவது சொல்லுங்க

களியக்காவிளை டிடிபி:
எல்லாருக்கும் வணக்கம். ஜங்ஷன் பக்கம் சின்னதா ஒரு டிடிபி கடை வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு கார்டு முடிக்கணும், மாப்ள வீடு பாறசாலை, பொண்ணு வீடு நம்ம ஊரு, அதனால ஒரு பக்கம் தமிழ் ஒரு பக்கம் மலையாளம் நடுவுல இங்கிலீஷ். பொண்ணுக்கு ஜார்ஜியாதான் வேணுமாம், சரின்னு போட்டு ப்ரூஃப் எடுத்து குடுத்தா பெரியப்பா கண்ணாடிய ஏத்தி விட்டு பாத்துட்டு 'என்ன மக்கா, நம்பரெல்லாம் தண்ணியடிச்ச மாதிரி நிக்குது'ன்னுட்டாரு. பாத்தா நெசந்தான். பின்கோடு 695502ல 6 தலைய தூக்கி நிக்குது, 9ம் ரெண்டு 5ம் வரிக்கு கீழ தொங்குது, 0வும் 2வும் குட்டியா கெடக்கு. முகூர்த்தம் 10.00ன்னு அடிச்சா சைபரெல்லாம் சின்ன ஓ மாதிரி தெரியுது.

ஃபாண்ட மூணு தடவ அழிச்சு திரும்ப போட்டாச்சு, வேற கம்ப்யூட்டர்ல இருந்து ஃபைல் வாங்கியும் போட்டாச்சு, வைரஸோன்னு ராத்திரி பூரா ஸ்கேன் ஓட விட்டேன், ஒண்ணும் இல்ல. இதுல பெரிய கூத்து, தமிழ் பக்கத்துலயும் நம்பர் அப்படியே ஆடுது, அங்க நான் போட்டது லதா ஃபாண்ட்! வேர்டுலதான் செய்யுறேன்.

செங்கோட்டை கம்பாசிட்டர்:
தம்பி, ஃபாண்ட் நல்லாத்தான் இருக்கு, ஸ்கேன நிறுத்துங்க. அதுக்கு பேரு ஓல்டு ஸ்டைல் நம்பர். இங்கிலீஷ் சின்ன எழுத்துல பி (b), டி (d) மேல போகும், ஜி (g), ஒய் (y) கீழ எறங்கும் இல்லியா, அதே கணக்குல 6, 8 மேல, 3, 4, 5, 7, 9 கீழ, 0, 1, 2 நடுவுல. ஒரு பாரா நடுவுல வருஷம் வந்தா எழுத்தோட எழுத்தா கலந்து போகணும்னு அந்த காலத்து செரிஃப் டைப்பெல்லாம், அதான் எழுத்து நுனியில சின்ன கால் வச்ச டைப், அப்படித்தான் வெட்டுனாங்க. ஜார்ஜியாவ வரைஞ்ச மேத்யூ கார்ட்டர் மைக்ரோசாஃப்டுக்காக செய்யும்போது வேணும்னே அதையே வச்சாரு, 1996ல வெளிய வந்தது. கதை நெறைய படிக்க அருமையான எழுத்து, ஆனா பின்கோடும் போனும் மட்டும் தனியா நிக்குற வரிக்கு ஆகாது. இதுல வேடிக்க என்னன்னா இதே மனுஷன்தான் 1978ல அமெரிக்கா டெலிபோன் டைரக்டரிக்கு பெல் சென்டென்னியல்னு ஒரு எழுத்து செஞ்சவரு, மட்டமான பேப்பர்ல மை பரவும்னு எழுத்தோட இடுக்குல எல்லாம் முன்கூட்டியே பள்ளம் வெட்டி வச்சவரு.

தமிழ் பக்கம் ஆடுறதுக்கு காரணம் வேர்டு. தமிழ் எழுத்துக்கு ஒரு ஃபாண்ட், மத்ததுக்கு ஒரு ஃபாண்ட்னு அது ரெண்டு கணக்கு வச்சிருக்கு, நம்பர் இங்கிலீஷ் கணக்குல சேந்துரும். நீங்க லதா போட்டாலும் நம்பருக்கு பழைய ஜார்ஜியாவே ஒட்டிக்கிட்டு இருக்கும். நம்பர மட்டும் செலக்ட் பண்ணி மாத்துங்க.

மார்த்தாண்டம் கார்டு கடை:
எதுக்கு இவ்ளோ பாடு, போடோனி ஃபாண்ட் போடுங்க, ரிச்சா இருக்கும்.

செங்கோட்டை கம்பாசிட்டர்:
அய்யா, கார்டு என்னன்னு கேட்டீங்களா? சொரசொரன்னு மெரூன் அட்டைல கோல்டு ஸ்க்ரீன் பிரிண்டிங்னா போடோனியோட மெல்லிசு கோடு பாதி விழும் பாதி விழாது. இங்கிலீஷ் சின்ன 'என்' (n) எழுத்து ரெண்டு தூணா நிக்கும்.

களியக்காவிளை டிடிபி:
அய்யோ மெரூன் அட்டைதான் அண்ணாச்சி 😭 அப்ப ஜார்ஜியாவ விடாம வழி உண்டா? பொண்ணு மாத்த விட மாட்டா.

குழித்துறை லேஅவுட்:
அண்ணே, கண்ட்ரோல் டி அடிங்க, அட்வான்ஸ்ட் போங்க, நம்பர் ஃபார்ம்ஸ்ல லைனிங் குடுத்து பாருங்க. ஃபாண்டுக்குள்ள ஒரே உயர நம்பர் இருந்தா மாறும், இல்லன்னா அசையாது. கான்ஸ்டான்ஷியா ஃபாண்ட்ல கண்டிப்பா மாறும், அதுவும் ஜார்ஜியா மாதிரிதான் முதல்ல ஆடும். மாறலன்னா நம்பருக்கு மட்டும் டைம்ஸ் நியூ ரோமன் போட்டு அரை பாயிண்ட் கூட்டுங்க.

செங்கோட்டை கம்பாசிட்டர்:
டைம்ஸ் ஒட்டு போட்ட மாதிரி தெரியும் தம்பி. அது 1932ல லண்டன் டைம்ஸ் பேப்பருக்குன்னு செஞ்சது, குறுகலான பத்திக்குள்ள நெறைய வார்த்த அடையணும்ல. பக்கத்துல ஜார்ஜியா அகலமா தடிமனா இருக்கும்போது அந்த நம்பர் ஒல்லியா நிக்கும். செஞ்சுரி ஸ்கூல்புக் ஃபாண்ட் பாருங்க, பள்ளிக்கூட புத்தகத்துக்கு செஞ்சது, உடம்பு இருக்கும்.

களியக்காவிளை டிடிபி:
முடிஞ்சுது. லைனிங் குடுத்தேன், என் கம்ப்யூட்டர்ல அசையல. பின்கோடு, போன், முகூர்த்த நேரம் எல்லாம் செஞ்சுரிக்கு மாத்திட்டேன், தமிழ் பக்க நம்பரும் சேத்து. 'டுகெதர் வித் தேர் ஃபேமிலீஸ்'ங்குற பாரால வர்ற தேதிய மட்டும் ஜார்ஜியாவுலயே விட்டுட்டேன், அங்க பாக்க நல்லாத்தான் இருக்கு. பெரியப்பா சாயா குடிச்சுக்கிட்டே பாத்தாரு, நம்பர பத்தி ஒண்ணும் சொல்லல, அவரு இனிஷியல்ல புள்ளி விட்டுப் போச்சாம்.