ஆச்சி வீட்டு ஆக்கள் குழு: சனிக்கிழமை பாண்ட்

வசந்தி சித்தி: துஷியின்ர பிறந்தநாளுக்குக் கவின்ர பாண்ட் வாசிக்குதாம். சத்தம் எவ்வளவு வரும் எண்டு மண்டபக்காரர் கேக்கிறார்

துஷி: என்ன பாட்டு?

கவின்: ரான்டான்ப்ளான் எண்ட ஜெர்மன் பாண்டின்ர பாட்டு

துஷி: 😂 லக்கி லூக் கொமிக்ஸில வாற நாயோ

கவின்: ஓம், அதின்ர பேர்தான்

சுதன்: கெட்கார் பாண்ட் ஆக்கள்தானே

ரஞ்சன் மாமா: இல்லை. இது 1995 இல ஹாம்பர்க்கில தொடங்கின ஸ்கா-பங்க் பாண்ட், ஜமேக்கா ஸ்காவும் பங்க் ராக்கும் கலந்தது. பாடகர் டோர்பன் மைஸ்னர் தொடக்கத்திலயிருந்து நிக்கிறவர். மார்க்குஸ் வீபுஷும் ரைமர் புஸ்டோர்ஃபும் வெளிய போய்த்தான் கெட்கார்.

வசந்தி சித்தி: அண்ணா, சத்தம்??

ரஞ்சன் மாமா: வாறன். கவின், முதல்ல சுருதியைப் பார். கிட்டார் ஈ மேஜரில போனா ட்ரம்பெட்டுக்கு ஒரு முழுச் சுரம் கூட்டி எழுதுறதால உனக்கு எஃப் ஷார்ப் மேஜர், அதில 6 ஷார்ப். அந்த வேகத்தில விரல் தடுக்கும். கிட்டாரும் பேஸும் எல்லாத் தந்தியையும் அரைச் சுரம் இறக்கட்டும். அவங்கள் அதே ஈ பிடிப்பாங்கள், உனக்கு எஃப், ஒரே ஒரு ஃப்ளாட். ஆல்டோ சக்ஸபோனுக்கு சி. 10 நம்பர் கிட்டார் தந்தி தொய்ஞ்சு இரையும், அதைவிடத் தடிச்ச 11 போடச் சொல்லு.

கவின்: சீடியோட பழகேலாதே

ரஞ்சன் மாமா: ஏலாது, அரைச் சுரம் இடிக்கும். மற்றது, ஸ்கா பகுதியில கிட்டாருக்கு டிஸ்டார்ஷன், அதான் சத்தத்தைக் கரகரப்பாக்கிற பெடல், வேண்டாம். 'ஒண்டு-உம் ரெண்டு-உம்' எண்டு எண்ணி அந்த 'உம்'மில மட்டும் கீழயிருந்து மேல வெட்டி, உடன இடக்கையைத் தளர்த்தோணும். பெடலை மிதிச்சபடி வெட்டினா எல்லாம் ஒரே களி. ஹார்ட்கோர், அதான் முரட்டு பங்க் பகுதி, வரேக்க மிதி, ஆனா கெயினை, அந்தக் கரகரப்பின்ர அளவை, பாதியாக்கு, இல்லாட்டி ட்ரம்பெட் ஒருத்தருக்கும் கேக்காது. அந்த இடத்தில நீ வரிக்கடைசியில மட்டும் ஊது. முழுக்க ஊதினா ரெண்டாம் பாட்டிலயே உதடு போயிடும்.

பெரியம்மா பாரிஸ்: ரோல்ஸ் 200 காணுமோ

சுதன்: போன முறை டிஜே காசு பாதிதான் வந்தது. சும்மா சொன்னன்

வசந்தி சித்தி: அதை இஞ்ச கதைக்க வேண்டாம்

துஷி: 🙄

ரஞ்சன் மாமா: சத்தம்: டின் 15905-5 எண்ட ஜெர்மன் தரவிதிப்படி 30 நிமிஷச் சராசரி 99 டெசிபெலுக்கு மேல போகப்படாது. மண்டபம் சின்னனெண்டா ட்ரம்ஸுக்கு மைக்கே தேவையில்லை, பாடுறவைக்கும் ட்ரம்பெட், சக்ஸபோனுக்கும் மட்டும் வையுங்கோ. குழந்தைப்பிள்ளையளுக்குக் காதுமூடி. 22 மணிக்குப் பிறகு வேண்டாம், பக்கத்து வீட்டார் போலீசைக் கூப்பிடுவினம்.

வசந்தி சித்தி: அப்ப 8 மணிக்கு?

துஷி: 8க்குக் கேக்

கவின்: கேக்குக்கு முதல் வாசிக்கட்டோ

பெரியம்மா பாரிஸ்: முதல்ல சாப்பாடு

சுதன்: ட்ரம்ஸ் ஏத்த ஆற்ற வான்?

பெரியம்மா பாரிஸ்: 200 ஓ 250 ஓ