புதுப்பிப்பு: ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிக்கு என்னவெல்லாம் கிடைத்தது

கடலூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆய்வுக்கூடம் இல்லாமல் அறிவியல் நடத்துகிறேன், இலவசமாகவோ நிதியாகவோ எதுவும் கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

அதிகம் கைகொடுத்தது ஃபெட் (PhET), அதாவது கணினித் திரையிலேயே அறிவியல் சோதனைகளைச் செய்து பார்க்க உதவும் இலவசத் தளம். 2001-இல் நோபல் பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கியது. மின்சுற்றுப் பகுதியைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையமே வேண்டாம். வேண்டுமென்றே ஷார்ட் சர்க்யூட் செய்து பேட்டரியைத் தீப்பிடிக்க வைப்பதில்தான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்! ஆனால் ஒயரைக் கையில் தொடாமல் அந்தப் பாடம் முழுமையாகாது. அதற்கு, வீணான பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தாவின் தளம்; ஸ்ட்ரா, காந்தம், பழைய பாட்டில் இருந்தால் போதும்.

சரி, பணம். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் பள்ளி வழியாக மாணவர்களின் கண்டுபிடிப்பு யோசனைகளை அனுப்பலாம். தேர்வானால் 10,000 ரூபாய், அதுவும் மாணவர் கணக்குக்கே போகும். ஆய்வுக்கூடத்துக்கு உதவாது, ஆனாலும் அனுப்புகிறோம். மாணவர்கள் கருவிகளைச் செய்து பழகப் பள்ளிகளில் அமைக்கும் அடல் ஆய்வகத்துக்கு மத்திய அரசில் 20 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள்; அவர்கள் கேட்கும் இடவசதி எங்களிடம் இல்லை.

அப்புறம், புதுச்சேரி நண்பர்களே, லாஸ்பேட்டை கோளரங்கத்துக்கு எட்டாம் வகுப்பை அழைத்துவர நினைக்கிறேன். காட்சி நேரம் தெரிந்தால் சொல்லுங்கள்.